மின்னூலை யாரிடம் கொடுப்பது? – சில வரலாற்றுக் குறிப்புகள்

ஆவடியை அடுத்த வெள்ளானூர், மோரை, அலமாதி வட்டாரத்தில் இன்று எழுதுவோர் தொகை குறைவன்று. ஆலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், பள்ளியாசிரியர், பொறியியற் கல்லூரி மாணவர் எனப் பலரும் நம் போன்ற தமிழாசிரியரிடம் கைப்படியுடன் வருகின்றனர். திருத்தம் முடிந்ததும் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: பதிப்பகத்தின் வாயிலில் காத்திராமல் இதனை நாமே மின்னூலாக்கலாம் என்கிறார்களே, எந்தத் தளத்திடம் கொடுப்பது?

இதற்குப் பொதுவாகக் கிடைக்கும் விடை கணக்கு சார்ந்தது. இன்ன தளம் விற்பனையில் நூற்றுக்கு இவ்வளவு தரும், இன்ன தளத்தில் வாசகர் இவ்வளவு பேர் என்று முடிந்துவிடும். கணக்கு தேவைதான். ஆயினும், தமிழில் நூல் வழங்கலின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்க்குங்கால், எழுதியவரையோ அவர் குடும்பத்தையோ வருத்தியவை பெரும்பாலும் விழுக்காடுகள் அல்ல என்று தெரிகிறது. எதைக் கொடுத்தோம், எவ்வளவு காலத்துக்குக் கொடுத்தோம், அதைத் திரும்பப் பெற இயலுமா என்பவையே பின்னாளில் வழக்காகவும் வருத்தமாகவும் எழுந்தன. அவ்வரலாற்றின் சில கட்டங்களை நினைவுகூர்ந்து, இன்றைய மின்னூல் வழங்கலை அதன் ஒளியில் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கையொப்பக் காலம்

நம் வட்டாரத்துத் திருநின்றவூரில் பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பினார். காஞ்சியில் காடவர்கோன் கல்லால் எடுத்த கோயிலின் குடமுழுக்கு நாளைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, இறைவன் அன்று நின்றவூர்க் கோயிலில் எழுந்தருளினான் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. மனத்துள் எழுப்பிய கோயிலைத் தேடி இறைவன் வருவான். பெட்டிக்குள் கிடக்கும் கைப்படியைத் தேடி வாசகன் வருவதில்லை. ஆகவே வழங்கல் என்பது எழுத்துக்குப் புறம்பான வணிகக் காரியம் என்று ஒதுக்கத் தக்கதன்று.

1867-இல் வெளிவந்த திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் இதற்கு ஒரு நல்ல சான்று. திருமுல்லைவாயில் மீதும் பாடல் புனைந்த இராமலிங்க அடிகள் தம் பாடல்களை அச்சேற்றுவதில் நாட்டம் காட்டவில்லை. அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார், இசைவு கிட்டும்வரை நாளுக்கு ஒருவேளை உணவே கொள்வதென நோன்பிருந்து அதனைப் பெற்றார். தொகுத்து வகுத்தவர் தொழுவூர் வேலாயுத முதலியார். அச்சுச் செலவை ஏற்றவர் வேறொருவர். இசைவு தந்தபோதும் அடிகள் ஒன்றில் உறுதியாக இருந்தார். தம் பெயரை 'இராமலிங்கசாமி' என்று வழங்குவது தமக்குச் சம்மதமில்லை என்று கடிதத்தில் எழுதினார். நூல் வெளிவந்தபோது வேலாயுத முதலியார் 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்று போட்டார். அடிகளுக்கு அதுவும் உவப்பாக இல்லை. ஆயினும் அப்பெயரே நிலைத்தது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது, நூலின் முகப்பில் என்ன பெயர் நிற்கும் என்பதுகூட, வழங்குவோர் கைக்குப் போனபின் எழுதியவர் விருப்பப்படி அமைவதில்லை என்பதாகும். இன்று மின்னூல் தளங்களில் நூற்பெயர், ஆசிரியர் பெயர், பகுப்பு, விலை ஆகிய விவரங்களை யார் திருத்தலாம் என்ற வினாவும் இதுவே.

இருபது ஆண்டுகள் கழித்து, 1887-இல், கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். பதிப்பகம் ஏதும் பின்னின்று தாங்கவில்லை. நூலை வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே கையொப்பமிட்டோரும் பொருளுதவி புரிந்தோருமே முதலீடு. முன்பதிவுத் திட்டம் என்று இன்று நாம் புதுமை போலப் பேசுவது அக்கையொப்பத்தின் வழித்தோன்றல்தான். அம்முறையின் சிறப்பு யாதெனில், பணம் வாசகரிடமிருந்து நேரே வந்தது. இடையில் எவருக்கும் உரிமையை எழுதிக்கொடுக்க நேரவில்லை. அதன் குறை, வாசகரைத் தேடி ஆசிரியரே ஊர் ஊராகக் கடிதம் எழுதவும் நடக்கவும் வேண்டியிருந்ததாகும்.

பாரதியின் கணக்கும் பின்னர் நடந்ததும்

தனித்து நின்று நூல் வெளியிட விழைந்த தமிழெழுத்தாளருள் மிகப் பெரிய கனவு கண்டவர் பாரதியார். 1920-இல் அவர் நண்பர்களுக்கும் புரவலர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். தம் எழுத்துகளை நாற்பது நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் படிகள் அச்சிடுவது அவர் திட்டம். ஆக மொத்தம் நான்கு இலட்சம் படிகள். ஆளுக்கு நூறு ரூபாய்க்குக் குறையாமல் கடன் கேட்டார். இனாம் கேட்கவில்லை, வட்டியோடு திருப்பித் தருவதாகவே எழுதினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் தம் நூல்கள் விலைபோகும் என்று நம்பினார். பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார்.

மக்கள் படிக்கமாட்டார்கள் என்பதால் அத்திட்டம் வீழவில்லை. 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் பாரதியின் பாடல்களுள் சிலவற்றைப் பதினையாயிரம் படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கியபோது அவை பரவத்தான் செய்தன. பொருளும் வழியும் கைகூடவில்லை என்பதே உண்மை.

பாரதி மறைந்தபின் நேர்ந்தவை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானவை. மனைவி செல்லம்மா 1922-இல் பாரதி ஆச்சிரமம் என்ற பெயரில் நூல்களை வெளியிடத் தொடங்கினார். அம்முயற்சி நீடிக்கவில்லை. பின்னர் நூலுரிமை, தம்பி விசுவநாத ஐயர் முதலியோர் நடத்திய பாரதி பிரசுராலயத்தின் வசமாயிற்று. இதனிடையே இசைத்தட்டு, வானொலி ஆகியவற்றுக்கான உரிமை மட்டும் நூலுரிமையிலிருந்து பிரிந்து, சொற்பத் தொகைக்கு ஒரு வணிக நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. பாரதி எழுதிய காலத்தில் தமிழகத்தில் வானொலி இல்லை. பேசும்படமும் இல்லை. புதிய ஊடகத்தின் மதிப்பு தெரியாத காலத்தில் அதற்கான உரிமை விலைபோய்விட்டது. அவ்வுரிமையைப் பின்னர் ஏ.வி. மெய்யப்பன் கூடுதல் விலைக்கு வாங்கினார். 1948-இல் வெளிவந்த 'பில்ஹணன்' படத்தில் பாரதியின் பாடல் ஒன்று இடம்பெற்றபோது, நாடகக் கலைஞர் டி.கே. எஸ். சகோதரர்கள் அவ்வுரிமையின் பேரில் நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டனர். தேசத்தின் கவி என்று ஊரே போற்றிய ஒருவரின் பாடலைப் பாட ஒரு தனியார் நிறுவனத்தின் அனுமதி வேண்டுமா என்ற கேள்வி அப்போதுதான் பலருக்கு உறைத்தது. எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1949-இல் சென்னை அரசு உரிமையைத் தன்வசமாக்கியது. மெய்யப்பன் விலை பெறாமலே விட்டுக்கொடுத்தார். 1950-களின் நடுவில் பாரதியின் எழுத்து முற்றிலும் பொதுவுடைமையாயிற்று.

எழுத்தாளர் ஒருவரின் படைப்பை அரசு வாங்கி மக்களுக்கு விட்ட நிகழ்ச்சி என்று இதனைப் பெருமையோடு சொல்கிறோம். அப்பெருமை நியாயமானதே. எனினும், அரசு தலையிட வேண்டிய நிலை ஏன் உண்டாயிற்று என்பதையும் உடன் சொல்லவேண்டும். நூலுக்கான உரிமை, ஒலிக்கான உரிமை, படத்துக்கான உரிமை என்று உரிமை கிளை கிளையாகப் பிரிவது என்பதைக் கொடுத்தவர்கள் முழுதும் உணரவில்லை. அடுத்து எந்த ஊடகம் வரும் என்று எவராலும் சொல்ல முடியாதபோது, 'எல்லா உரிமையும்' என்ற இரு சொற்களில் கையெழுத்திடுவது எத்துணைப் பெரிய கொடை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

தோள்பை வழங்கல்

விடுதலைக்குப் பின்னர்ப் பதிப்பகங்கள் பெருகின. பொது நூலகத் துறையின் கொள்முதல் பல சிறு பதிப்பகங்களுக்கு மூச்சாயிற்று. 1977 முதல் சென்னைப் புத்தகக் காட்சி நடந்துவருகிறது. இவற்றின் விளிம்பில் நின்று தனித்து இயங்கியவர்களுக்கு ஓர் அடையாளமாகச் சி.சு. செல்லப்பாவைச் சொல்லலாம். 1959 சனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கியவர், தம் பிரசுரங்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். முதிர்ந்த வயதில், 1997-இல், மூன்று பாகங்களைக் கொண்ட 'சுதந்திர தாகம்' நாவலையும் தாமே வெளியிட்டார். 1998 டிசம்பரில் மறைந்தார். அந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001-இல்.

செல்லப்பாவின் வழியில் உரிமை முழுதும் எழுதியவரிடமே இருந்தது. வாசகன் முகமும் தெரிந்தது. ஆனால் அவர் தோள் தாங்கிய அளவுதான் நூல் நகர்ந்தது. தனித்தியங்கும் எழுத்தாளர் முன் எக்காலத்தும் உள்ள இக்கட்டு இதுவே: உரிமையைக் காத்தால் வீச்சு குறைகிறது, வீச்சைத் தேடினால் உரிமையில் ஒரு பங்கு போகிறது. மின்னூல் இவ்விக்கட்டைத் தீர்த்துவிட்டதாகச் சிலர் சொல்கின்றனர். தீர்க்கவில்லை, அதன் அளவுகளை மாற்றியிருக்கிறது என்பது நம் கருத்து.

எழுத்துருக் குழப்பமும் மதுரைத் திட்டமும்

தமிழ் மின்னூலின் தொடக்கத்தில் வணிகம் இல்லை. 1998 பொங்கல் நாளன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் கூட்டுழைப்பு. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியலாளர் முனைவர் கல்யாணசுந்தரம் அதன் முதன்மை உழைப்பாளி. அமெரிக்காவிலிருந்து முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் துணைநின்றார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஆளுக்கொரு நூலைத் தட்டெழுதி, இன்னொருவர் மெய்ப்புப் பார்த்து, விலையின்றி இணையத்தில் ஏற்றினர். 1971-இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டமே இதற்கு முன்னோடி.

அன்று பெருந்தடையாக நின்றது எழுத்துரு. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறிமுறை வைத்திருந்தது. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் குப்பையாகத் தெரியும். 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் நடந்த தமிழிணைய மாநாடுகளில் இதுவே தலையாய பேச்சு. மதுரைத் திட்ட நூல்களும் தொடக்கத்தில் இணைமதி, மயிலை எழுத்துருக்களில் வந்து, பின் திஸ்கிக்கு மாறி, அதன்பின் ஒருங்குறிக்கு மாறின. ஒவ்வொரு மாற்றத்திலும் நூல்கள் தப்பிப் பிழைத்தமைக்குக் காரணம், மூலக்கோப்பு அத்திட்டத்தாரிடமே இருந்ததுதான். அதே காலத்தில் ஜியோசிட்டீஸ் போன்ற இலவச இடங்களில் தனியொருவர் ஏற்றிய தமிழ்ப்பக்கங்கள் அவ்வாறு வாழவில்லை. 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது, படியெடுத்து வைக்காதோரின் எழுத்து அதனோடு போயிற்று.

2005-இல் ஈழத்து நூல்களுக்காக நூலகம் திட்டம் எழுந்தது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதைக் கண்ட சமூகம், ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது பாதுகாப்பன்று என்பதை நெருப்பின் வழி அறிந்திருந்தது. பல இடங்களில் பல படிகளாக இருத்தல் என்பது மின்னூலின் இயல்பான வலிமை. வணிகத் தளங்களை நோக்கும்போது இதனை மறக்கலாகாது.

இருவேறு வழிகள்

2010-க்குப் பின் தமிழ் எழுத்தாளர்முன் இரண்டு வழிகள் தெளிவாகப் பிரிந்தன.

முதல் வழி திறந்த வழங்கல். 2013-இல் த. சீனிவாசனும் நண்பர்களும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தைத் தொடங்கினர். வலைப்பதிவுகளிலும் மடற்குழுக்களிலும் சிதறிக் கிடந்த சமகால எழுத்தை, எழுதியவர் இசைவுடன், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் மின்னூலாக்கித் தந்தனர். கணினிக்கும் கைப்பேசிக்கும் ஏற்ப இபப் முதலிய பல வடிவங்களில் அவை கிடைக்கும். பூட்டு இல்லை, விலை இல்லை, பதிவு செய்யவேண்டியதும் இல்லை.

இரண்டாம் வழி அங்காடி. அமேசானின் கிண்டில் கடை இந்தியாவில் 2012 ஆகஸ்டில் திறந்தது. தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்கள் 2016 டிசம்பரில் முறையாக அறிமுகமாயின. எழுத்தாளர் தாமே கோப்பை ஏற்றி, விலை குறித்து, ஓரிரு நாட்களில் உலகெங்கும் விற்கலாம் என்பது தமிழுக்குப் புதிய செய்தி. 2018-இல் அதன் எழுத்துப் போட்டியில் தமிழும் சேர்க்கப்பட்டபோது, அதுவரை இணையத்தில் மட்டுமே எழுதிய பலர் முதன்முறையாக விலையுள்ள நூலுக்கு ஆசிரியராயினர். இதற்கிடையே, 2014-இல் பெங்களூரில் தோன்றிய பிரதிலிபி, தொடர்கதையாக எழுதுவோருக்கும் கைப்பேசியில் படிப்போருக்கும் வேறொரு களம் அமைத்தது. வார இதழ்த் தொடர்கதையின் வாசகர் பெருங்கூட்டம் அங்கே இடம் மாறியது எனலாம்.

இவ்விரண்டையும் சேர்த்து நடத்தியோரும் உண்டு. ஜெயமோகன் 2014 சனவரி முதல் 2020 சூலை வரை நாள்தோறும் எழுதிய வெண்முரசின் இருபத்தாறு நாவல்களும் அவர் தளத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. அச்சு நூல்களும் விற்பனையாயின. இலவசமாகக் கிடைப்பது விற்பனையைக் கெடுத்துவிடும் என்ற அச்சத்துக்கு இது ஒரு மறுமொழி. எனினும் ஏற்கெனவே பெயர் பெற்ற எழுத்தாளருக்கு இயன்றது புதியவருக்கும் இயலும் என்று இதிலிருந்து முடிவுகட்ட இயலாது.

ஒப்பந்தத்தின் உட்பொருள்

தளங்களின் விதிகளைப் படிக்கும்போது விழுக்காட்டுக்குப் பின்னால் நிற்கும் நிபந்தனைகளைத்தான் முதலில் தேடவேண்டும். கிண்டிலை எடுத்துக்கொள்வோம். அங்கே ராயல்டி 35 விழுக்காடு, 70 விழுக்காடு என இருவகை. இந்திய வாசகருக்கு விற்கும் படிக்கு 70 விழுக்காடு வேண்டுமாயின், நூலைக் 'கிண்டில் செலக்ட்' என்னும் தனியுரிமைத் திட்டத்தில் சேர்த்தாகவேண்டும். விலையும் அவர்கள் குறித்த வரம்புக்குள் இருக்கவேண்டும். கோப்பின் எடைக்கேற்ப அனுப்புக் கட்டணமும் கழியும் என்பதால், படங்கள் மிகுந்த நூலுக்குக் கைக்கு வருவது குறையும். அமெரிக்க விற்பனையில் வரும் ராயல்டிக்கு அந்நாட்டு வரிப் படிவத்தை நிரப்பி, இந்தியாவுடனான ஒப்பந்தச் சலுகையைக் கோரவேண்டும். கோராவிடில் பிடித்தம் இரட்டிப்பாகும்.

தனியுரிமைத் திட்டம் தொண்ணூறு நாட்களுக்கானது. அக்காலத்தில் மின்னூல் வேறெந்தத் தளத்திலும் இருத்தல் கூடாது. எழுதியவரின் சொந்த வலைப்பதிவும் இவ்விலக்கில் அடங்கும். மாதிரிக்குப் பத்தில் ஒரு பங்கு வரை காட்டலாம். அச்சு நூலுக்குத் தடையில்லை. நாம் தடுத்து நிறுத்தாவிடில் தொண்ணூறு நாள் முடிந்ததும் ஒப்பந்தம் தானே புதுப்பித்துக்கொள்ளும். இதற்கு ஈடாகக் கிடைப்பது சந்தா வாசகர் கூட்டம். மாதச் சந்தா கட்டியோர் படிக்கும் பக்கங்களுக்கேற்ப ஒரு பொது நிதியிலிருந்து பங்கு வரும். அந்நிதியின் அளவை நிறுவனமே மாதந்தோறும் முடிவு செய்கிறது.

தமிழெழுத்தாளருக்கு இதன் பொருள் யாது? நம்மவருள் பலர் முதலில் வலைப்பதிவிலோ இணைய இதழிலோ தொடராக எழுதிவிட்டுப் பின்னர் நூலாக்குபவர்கள். அவர்கள் தனியுரிமையில் சேரவேண்டுமாயின் பழைய பதிவுகளை நீக்கவேண்டும். இணைய இதழின் காப்பகம் நம் கையில் இல்லாதபோது அதுவும் இயலாது. மறுபுறம், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஒருமுறை வெளியிட்ட நூலை எக்காலத்தும் தனியுரிமையில் சேர்க்கவியலாது. ஏனெனில் அவ்வுரிமம் மீளப்பெற முடியாதது. படியெடுத்தவர் உரிமத்தின் நிபந்தனைப்படி அதனைத் தொடர்ந்து வழங்கலாம்.

ஆக, இரண்டுமே கொடைகள்தாம். அங்காடிக்குத் தருவது இறுக்கமானது, ஆனால் தொண்ணூறு நாளில் அவிழ்க்கத் தக்கது. பொதுவுக்குத் தருவது தளர்வானது, ஆனால் என்றும் அவிழாதது. எது உயர்ந்தது என்ற விவாதத்தைவிட, எதை முதலில் செய்வது என்ற வரிசையே எழுத்தாளர் சிந்திக்கவேண்டியது.

ஒரே கோப்பைப் பல கடைகளுக்கும் அனுப்பித்தரும் இடைநிலைச் சேவைகளும் உண்டு. 2008-இல் தொடங்கிய ஸ்மாஷ்வேர்ட்ஸ் இவ்வகையில் புகழ்பெற்றது. 2022-இல் அது டிராஃப்ட்2டிஜிட்டலுடன் இணைந்தது. இவ்வகைச் சேவைகளிடம் தமிழ்க் கோப்பை ஏற்பார்களா, அவர்கள் அனுப்பும் கடைகள் ஏற்குமா என்று எழுதிக் கேட்டு விடை பெற்றபின்னரே இறங்கவேண்டும். கூகுளின் நூற்கடையில் தனியுரிமை நிபந்தனையின்றி நேரே ஏற்றலாம்.

கடை மூடும் நாள்

அங்காடிகள் நிலையானவை என்று எண்ணுவதற்கு வரலாறு இடந்தரவில்லை. 2009 சூலையில், உரிமைச் சிக்கல் காரணமாக, வாசகர் விலைகொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை அமேசான் அவர்களுடைய கருவிகளிலிருந்தே நீக்கியது. நீக்கப்பட்டவற்றுள் ஒன்று '1984' என்பதை உலகம் நெடுநாள் பேசிற்று. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் நூற்கடையை மூடியபோது, வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பிற்று, நூல்கள் மறைந்தன. 2025 பிப்ரவரியில் கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கிக்கொள்ள இருந்த பழைய வசதியும் நிறுத்தப்பட்டது.

நம் நாட்டு எடுத்துக்காட்டு வெஸ்ட்லேண்ட். 2016-இல் அமேசான் வசமான இப்பதிப்பகம் மூடப்படும் என 2022 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. அடுத்த மாத இறுதியோடு அதன் நூல்கள் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன. பெருமாள்முருகனின் 'பூனாச்சி' ஆங்கில மொழிபெயர்ப்பும் அப்பதிப்பகத்தின் வெளியீடே. உரிமைகள் எழுத்தாளர்களிடம் திரும்பியமையால் அந்நூல்களுக்கு மறுவாழ்வு சாத்தியமாயிற்று. பதிப்பகத்தின் குழுவினர் பின்னர்ப் பிரதிலிபியுடன் கைகோத்து மீண்டும் இயங்கத் தொடங்கினர். பெரிய நிறுவனத்தின் நிழலில் இருந்த நூல்களுக்கே இரண்டு மாதக் கெடுதான் கிடைத்தது என்பதை மனத்தில் இருத்தவேண்டும்.

சட்டம் தரும் துணை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-க்குரியது. அதன்படி எழுத்தாளர் வாழ்நாளுக்கும் அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் உரிமை நிற்கும். உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்தாண்டுகளுக்கே எனக் கொள்ளப்படும். எல்லை குறிப்பிடாவிடில் இந்தியாவுக்குள் மட்டுமே. எழுதிவாங்கியவர் ஓராண்டுக்குள் அவ்வுரிமையைப் பயன்படுத்தாவிடில், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, அது காலாவதியாகும்.

2012-இல் வந்த திருத்தம் நமக்கு மிக முதன்மையானது. ஒப்பந்தம் எழுதிய காலத்தில் இல்லாத, அல்லது வணிக வழக்கில் வராத ஊடகத்துக்கு அவ்வொப்பந்தம் செல்லாது, அவ்வூடகம் வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டிருந்தாலொழிய. பாரதியின் குடும்பம் இசைத்தட்டு, வானொலி உரிமையில் பட்ட பாட்டைச் சட்டம் எழுபது எண்பது ஆண்டுகள் கழித்து உணர்ந்துகொண்டது எனலாம். ஆனால் இப்பாதுகாப்பிலும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. 'இனி வரவிருக்கும்' ஊடகங்களையும் சேர்த்து எழுதும் ஒப்பந்தங்களும், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைவடிவம் ஆகியவற்றை மின்னூலோடு ஒரே வாக்கியத்தில் கட்டிக்கொடுக்கும் ஒப்பந்தங்களும் உலவுகின்றன. மின்னூல் வழங்குவதற்கு மின்னூல் உரிமம் ஒன்றே போதும். மற்றவற்றை ஏன் கேட்கிறார்கள் என்று வினவுவது எழுத்தாளரின் கடமை.

வரிசை

இவ்வளவும் சொன்னபின், வெள்ளானூரிலோ திருநின்றவூரிலோ பூந்தமல்லியிலோ அமர்ந்து எழுதும் ஒருவருக்கு நாம் பரிந்துரைக்கக் கூடியது ஒரு தளத்தின் பெயர் அன்று, ஒரு வரிசை.

முதலாவது, மூலக்கோப்பு. ஒருங்குறியில் அமைந்த எளிய உரைக்கோப்பும், அதிலிருந்து உருவாக்கிய இபப் கோப்பும் எழுத்தாளரிடம் இரண்டு மூன்று இடங்களில் இருக்கவேண்டும். தளமே தன் கருவியால் நூலை வடிவமைத்துத் தருகிறதெனில் அக்கோப்பைத் திரும்ப எடுக்க இயலுமா என்று பார்க்கவேண்டும். மதுரைத் திட்டம் மூன்று குறிமுறைகளைக் கடந்து வந்தது இவ்வகைக் கவனத்தால்தான்.

இரண்டாவது, திரும்பப் பெறக்கூடிய கொடையை முதலில் தருதல். புதிய நூலைத் தொண்ணூறு நாள் தனியுரிமையில் வைத்துப் பார்ப்பதில் இழப்பு பெரிதன்று. வெளிநாட்டுத் தமிழ் வாசகரை எட்டவும், சந்தா வாசகர் எவ்வளவு படிக்கின்றனர் என்று அறியவும் அது உதவும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டு, தவணை முடிவில் பெற்றதை எண்ணிப்பார்த்துத் தொடரலாம் அல்லது பிற கடைகளுக்கும் விரிக்கலாம். ஏற்கெனவே தொடராக வெளியான எழுத்துக்கு இது பொருந்தாது. அதற்குத் தனியுரிமையற்ற கடைகளே ஏற்றவை.

மூன்றாவது, மீளப்பெற முடியாத கொடையை இறுதியில், தெளிந்த மனத்துடன் தருதல். விற்பனை ஓய்ந்த நூல், ஊர் வரலாறு, வட்டாரச் சொற்றொகுப்பு, மறுபதிப்புக் காணாத கவிதைத் தொகுதி ஆகியவற்றுக்குத் திறந்த உரிமமே தக்க காப்பு. விற்காத நூலை அங்காடியில் பூட்டிவைப்பதால் எழுதியவருக்கும் பயனில்லை, ஊருக்கும் பயனில்லை. வருமானத்தைக் கருதாது எழுதியவர் முதல் நாளே இவ்வழியை மேற்கொள்ளலாம். அது அவர் உரிமை.

நான்காவது, காலமும் ஊடகமும் குறிக்காத தாளில் எவரிடமும் கையெழுத்திடாமை. எழுத்தாளர் தமக்குப்பின் கணக்கின் விவரமும் ஒப்பந்தப் படிகளும் வீட்டாருக்குத் தெரியும்படி எழுதிவைப்பதும் இதனோடு சேரும். உரிமை இன்னும் அறுபது ஆண்டு வாழும். கடவுச்சொல் தெரியாத வாரிசுக்கு அந்த அறுபது ஆண்டால் என்ன பயன்?

உ.வே.சா.வின் காலத்தில் நூறு கையொப்பம் சேர்க்கச் செலவான உழைப்பைக் காட்டிலும் இன்று நூலை ஏற்றுவது மிக எளிது. அந்த எளிமையே ஒப்பந்தத்தைப் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் குறியிட வைக்கிறது. செல்லம்மா பாரதிக்கு எடுத்துச்சொல்ல அன்று எவரும் இல்லை. இன்று விதிகள் எல்லோர் கண்முன்னும் இருக்கின்றன. ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி அவற்றைப் படித்தபின் கோப்பை ஏற்றுமாறு எழுதும் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.